படலருகே நிற்பவள்

ஹெலன் ஆலிங்ஹாமின் நீர்வண்ண ஓவியங்களில் இங்கிலாந்தின் கிராமம் சத்தமே இல்லாமல் இருக்கிறது. சர்ரே பகுதியின் பழைய வீடு, தாழ்ந்த கூரை, வேலியோரம் பூச்செடிகள். படலருகே வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண், கையில் குழந்தை. 'என்ன அழகு!' என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

என் கண் அந்த ஏப்ரனில் நின்றுவிடுகிறது. குழாய் இல்லாத வீட்டில் அதை வெளுத்தது யார்? தண்ணீர் சுமந்து, அடுப்பெரித்து, கொதிக்கவைத்து, துவைத்துக் காயப்போட ஒரு நாள் முழுக்கப் போகும். 1870களில் தொடங்கிய வேளாண் நெருக்கடி கிராமங்களை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. பண்ணையில் வேலை போனால் குடியிருக்கும் வீடும் போகும் என்ற நிலையில் பல கூலிக் குடும்பங்கள் இருந்தன. அந்தப் பயம் எதுவும் படலைத் தாண்டி ஓவியத்துக்குள் வருவதில்லை.

இனி, தூரிகை பிடித்தவளைப் பார்ப்போம். 1848இல் பிறந்த ஹெலன், இளம்வயதிலேயே பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து சம்பாதித்தவர். 1881இல் சர்ரேவின் விட்லி அருகே குடியேறி, இடிபடவும் உருமாறவும் இருந்த வீடுகளை வரைந்தார். மாற்றப்பட்ட ஜன்னல்களைச் சில படங்களில் பழைய வடிவத்துக்கே திருப்பினார். ஆக, அந்த அமைதி கண்டெடுத்தது மட்டுமல்ல, கட்டியெழுப்பியதும்கூட. 1889இல் கணவர் இறந்தபின் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றியது இந்த ஓவியங்கள்தான். 1804இல் தொடங்கிய நீர்வண்ண ஓவியர் சங்கம், 1875 முதல் இணை உறுப்பினராக வைத்திருந்த அவரை 1890இல்தான் முழு உறுப்பினராக்கியது. அந்த இடத்தைப் பெற்ற முதல் பெண் அவர். நீர்வண்ணம் வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட நாளில், அதையே பிழைப்பாக்கிக் காட்டினார்.

என் சிக்கல் இங்கேதான். தன் உழைப்புக்கு விலை பெற்ற ஒருத்தி, இன்னொருத்தியின் உழைப்பை ஓய்வுபோல் வரைந்துதான் அதைப் பெற்றார். நகரத்தில் வாங்குபவர்களுக்கு வியர்வை வேண்டியிருக்கவில்லை. இதற்காக ஹெலனைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 'மென்மையான பெண் கலை' என்ற பாராட்டு அவருடைய உழைப்பையும் இதே போலத்தான் மறைத்தது. சட்டகத்துக்குள் ஒருத்தி, வெளியே ஒருத்தி. 'அழகு' என்ற ஒரே சொல் இருவரின் வேலையையும் மூடிவிடுகிறது.

அதனால் என் மாணவிகளிடம், ஓவியத்தில் இல்லாத வேலைகளைப் பட்டியலிடச் சொல்வேன். படலருகே நிற்பவள் நமக்காகப் போஸ் கொடுக்கவில்லை. வேலைக்கு நடுவே ஒரு கணம் வெளியே வந்திருக்கிறாள் என்றே நான் வாசிக்கிறேன். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது.