வங்காளத்துக்காரி

ஜவ்வாது மலைக்கு மேற்கே, திருப்பத்தூர் வழியாக ஓடும் தண்டவாளத்துக்கு இரண்டு முனையிலும் கடல் இருந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில், வங்கக் கடலோரத்தில் தொடங்கிய தடம், 1862இல் அரபிக் கடலோரப் பேப்பூர் வரை முழுமையடைந்தது.

அந்தக் காலத்து இன்ஜின் ஒன்று இன்னும் நீராவியில் ஓடுவது சென்னைக்குக் கிடைத்த கொடுப்பினை. இஐஆர் 21. லீட்ஸ் நகரில் 1855இல் செய்தது. நம் தடத்துக்கு உரியதல்ல, கிழக்கிந்திய ரயில்வேக்காக வந்த வங்காளத்துக்காரி. நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாய் நின்றதை, 2010இல் பெரம்பூர் பணிமனைக்காரர்கள் எழுப்பி ஓடவைத்தார்கள். பிரேக் நம் காலத்துக் காற்று பிரேக். அதில் எனக்கு வருத்தமில்லை; நிற்கத் தெரிய வேண்டுமல்லவா!

அழகு அதன் சக்கரங்களில். முன்னும் பின்னும் சின்னச் சோடிகள் வெறுமனே பாரம் தாங்க, நடுவிலுள்ள பெரிய சோடிதான் மொத்த வண்டியையும் இழுக்கிறது. பிஸ்டன் தண்டு வெளியிலேயே இருப்பதால், தள்ளுவதும் சுழல்வதும் கண்ணுக்குத் தெரியும். டீசல் இன்ஜின் இதையெல்லாம் பெட்டிக்குள் மூடிவிட்டது. ஆனால் ஒற்றைச் சோடிக்குப் பிடிப்புக் குறைவு. பாரத்தோடு கிளம்பும்போதும் ஏற்றத்திலும் சக்கரம் வழுக்கும்.

அதன் எழும்பூர்–கோடம்பாக்கம் குறுந்தூர ஓட்டமெல்லாம் எனக்குப் போதாது. எங்கள் பக்கத்து ஜோலார்பேட்டை வரை ஒருமுறை விடட்டும், சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தில் மணல் தூவியாவது வந்து சேரட்டும்.