கிரிவலமும் இதயத்தின் மூப்பும்

திருவண்ணாமலையில் கிரிப் பிரதக்ஷிணம் செய்வதன் மகிமையை எடுத்துரைப்போர், பாபம் தீரும், பிறவிப் பிணி அகலும் என்ற மட்டோடு நில்லாமல், இளமை நீடிக்கும், இதயம் வலுப்படும் என்று தேக ஆரோக்கியத்தையும் அதன் பலன்களோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. ஆத்ம லாபத்தை அளக்க நம்மிடம் கோல் இல்லை. ஆனால் தேகத்தைப் பற்றிய வாக்கு என்று ஒன்று வந்துவிட்டால், அதைப் பரிசோதனைக்கு உட்படுத்துவது பக்திக்கு விரோதமாகாது.

உடம்பின் மூப்பு உயிரணுவிலேயே தொடங்குகிறது. சோதனைச்சாலையில் வளர்க்கப்படும் மனித உயிரணுக்கள் ஏறக்குறைய ஐம்பது தடவை பிரிந்தபின் மேலும் பிரியாமல் நின்றுவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர் லெனார்ட் ஹேஃப்ளிக் 1961-இல் காட்டினார். ஆரணிப் பட்டின் முந்தானையில் இழை பிரியாதிருக்கக் குஞ்சம் முடிவது போல, நம் குரோமோசோம்களின் நுனிகளில் டெலோமியர் என்ற காப்பு இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் அது சிறிது தேய்கிறது. இதன் இயக்கத்தை விளக்கியதற்காகவே எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவரும் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர். தேய்ந்து ஓய்ந்த உயிரணுக்கள் சும்மா கிடப்பதில்லை. அழற்சியூட்டும் பொருள்களைக் கசியவிடுகின்றன. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களின் உட்சுவரில் இது நிகழும்போது, அங்கே கொழுப்புப் படிவு வளரவும், ஒருநாள் அது வெடித்து மாரடைப்பாக முடியவும் இடமுண்டாகிறது.

டெலோமியர் மிகக் குறுகியவர்களுக்கு, மிக நீண்டவர்களைக் காட்டிலும் இதய நாள நோய் சுமார் 54 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறியது. ஆயினும் இரண்டு சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. புகையும் மன உளைச்சலும் இரண்டையும் ஒருங்கே கெடுக்கக்கூடும். டெலோமியர் நீளமாயிருப்பதும் எப்போதும் நன்மையன்று. சிலவகைப் புற்றுநோய்களுக்கு அதுவே அனுகூலமாகிறது.

இந்த வரம்புகளை மனத்தில் கொண்டு கிரிவலத்தைப் பார்த்தால், அதன் குணங்கள் அற்பமானவையல்ல. வாரம் மூன்று தடவை, தடவைக்கு 45 நிமிஷம் என ஆறு மாதம் நடையும் ஓட்டமும் பயின்றவர்களின் வெள்ளணுக்களில், டெலோமியரைச் செப்பனிடும் டெலோமரேஸின் செயல் கூடியிருந்ததை 2019-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். எடைக்கருவிகளில் பயின்றவர்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை. அதோடு, நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்பது கிரிவலத்தின் சம்பிரதாயம். ரமண மகரிஷி 1926 வரையில் மலையை வலம் வந்தபோதெல்லாம் அவசரம் என்பதே இல்லை. அன்பர்களோடு வழியில் தங்கித் தங்கி, சில சமயம் இரண்டு மூன்று நாட்களும் எடுத்துக்கொண்டார். மௌனமும் நிதானமும் கலந்த இந்த நடை, மனக்கிலேசத்தைத் தணிக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் பௌர்ணமி இரவில் நாம் காண்பது இந்த நடைதானா? மாதம் முழுவதும் கடையிலும் காரியாலயத்திலும் உட்கார்ந்தே காலங்கழித்தவர், பஸ்ஸில் கால் மடக்கி வந்து இறங்கி, 14 கிலோமீட்டரையும் நெரிசலில் ஒரே மூச்சில் முடித்து, விடியுமுன் மறுபடி பஸ்ஸேறிவிடுகிறார்; அந்த இரவு உறக்கமில்லை. வழியெங்கும் எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி பொரிகிறது. சாயங்காலமே புறப்பட்டவருக்குத் தார்ச்சாலையின் சூடு பாதத்தில் ஏறுகிறது. நீரிழிவினால் கால் மரத்துப்போனவர், பாதையோரத்து எட்டு லிங்கங்களுள் நிருதி லிங்கம் தாண்டுமுன் கொப்புளம் எழும்பி, குபேர லிங்கத்தை அடையுமுன் அது உடைந்தும், வீடு போய்க் கால் கழுவும்வரை அதை அறியமாட்டார். நடந்து பழகாத இதயத்துக்குத் திடீர் உழைப்பு அபாயமாகவும் முடியலாம். நடுவே மார்பு இறுகினால் அதைக் களைப்பென்று எண்ணி மேலும் நடப்பவர்களும் உண்டு.

நடையும் சைவ உணவும் தியானமும் கைக்கொண்டவர்களின் டெலோமியர் ஐந்தாண்டுகளில் சுமார் 10 சதவீதம் நீண்டது என்று மருத்துவர் டீன் ஆர்னிஷ் 2013-இல் வெளியிட்ட முடிவைக் காட்டி, முன்னோர் அன்றே அறிந்த விஞ்ஞானம் என்று பெருமைப்படுவோரும் இருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் அவற்றைக் கைக்கொண்ட பிரிவில் இருந்தவர்கள் பத்துப் பேரே. அவர்களும் பிராஸ்டேட் புற்றுநோய் கண்டவர்கள். அவர்கள் வழக்கத்தை நாள்தோறும் ஐந்தாண்டுகள் கடைப்பிடித்தார்கள் என்பதையும் இவர்கள் எடுத்துச் சொல்வதில்லை.

ஆகவே குறை பிரதக்ஷிணத்தில் இல்லை. அதன் பலனை மாதத்துக்கு ஓரிரவில் ஒட்டுமொத்தமாகப் பெற்றுவிட எண்ணும் பேராசையில் இருக்கிறது. நாளத்தின் உட்சுவர் நாள்தோறும் தேய்கிறது. அதற்கு வேண்டிய உபகாரமும் நாள்தோறும் செய்யப்பட வேண்டியதே. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை வகுத்ததும், பல பேரை அடிக்கடி நடக்கவைக்கும் நோக்கத்தினால்தான். வெளியூர் அன்பர் பௌர்ணமிக்கு வரட்டும். ஆனால் மற்ற நாட்களில் தம் தெருவிலேயே அரைமணி நடந்து பழகி, மருத்துவரிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு, எட்டு லிங்கங்களிலும் அமர்ந்து எழுந்து வலம் வருவாரானால், சம்பிரதாயம் சொன்ன நிதானத்தையும் அவர் காத்தவராவார், இதயத்துக்கும் நியாயம் செய்தவராவார்.