பபூனின் கலகம், நடிகையின் நடை

மதுரை, புதுக்கோட்டை வட்டார ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள், சந்திப்பே மேடையில்தான். ‘வள்ளி திருமணம்’ தொடங்குமுன் பபூன் வருவார். ‘கூத்தாடி’ என்று ஏசுகிற ஊரை, தன்னையே கேலிப்பொருளாக்கிச் சிரிக்கவைப்பார். நாம் உடனே பக்தினை இழுத்துவந்து ‘கலகச் சிரிப்பு’ என்கிறோம். கலகந்தான், சரி. அது யார் தலையில விடியுது என்பதே என் கேள்வி. அடுத்து வரும் டான்ஸ் நடிகையின் தலையில். இருவரும் சேர்ந்து உண்டாக்கும் அதே சிரிப்பு அவருக்குத் திறமை, இவருக்கு நடத்தை. நாடகத்துக்குப் போய்வரும் வழியில் தங்களை நடிகையென்று காட்டிக்கொள்ளாதிருக்க இப்பெண்கள் படும் பாட்டைச் சூசன் சைசர் 2005இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். அந்த நடையையும் நாடகத்தின் பகுதியாகவே படிக்கணும் என்கிறேன். கூலி பேசுறப்ப அதுக்குன்னு தனிக்காசு யாரும் வைக்கிறதில்லை.