எந்த நூலை முதலில் எடுப்பது?

திரைப்படமும் தொலைக்காட்சியும் பாடமாகப் படிக்க வருபவருக்குப் பலரும் முதலில் கைகாட்டும் நூல், டேவிட் போர்ட்வெல்லும் கிறிஸ்டின் தாம்சனும் எழுதிய 'ஃபிலிம் ஆர்ட்'. 1979இல் வந்தது, திருத்தித் திருத்திப் பல பதிப்புகள் கண்டது. கண்ணைப் பழக்குவதில் அதை மிஞ்சிய பாடநூல் எனக்குத் தெரியாது. விளம்பரப் புகைப்படங்களை நம்பாமல் படத்திலிருந்தே சட்டகங்களை எடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். 'சிட்டிசன் கேன்' பட நாயகனின் வாழ்க்கை ஐந்து பேர் நினைவுகளாகக் கலைந்து வருவதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்.

இந்த ஒரு நூலே தொலைக்காட்சிக்கும் போதும் என்று நினைப்பதில்தான் கோளாறு. அது எடுத்துக்கொள்வது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு படைப்பை. தொலைக்காட்சியில் எதுவும் அப்படித் தனியாக நிற்பதில்லை. இதைத் தெளிவாகச் சொன்னவர் ரேமண்ட் வில்லியம்ஸ். அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்துபோன களைப்போடு மயாமியில் ஓர் இரவு படம் பார்க்க உட்கார்ந்தார். சான்பிரான்சிஸ்கோவில் நடக்கும் குற்றக் கதை. இடையிடையே விளம்பரங்கள். அவற்றோடு, வேறு நாட்களில் வரவிருந்த இரண்டு படங்களின் முன்னோட்டங்கள்: ஒன்று பாரிஸ் காதல், இன்னொன்று நியூயார்க்கைத் துவம்சம் செய்யும் ராட்சத விலங்கு. எது எந்தப் படம் என்பதே அவருக்குக் குழம்பிப்போனது. அந்தக் குழப்பத்தை அவர் தள்ளிவிடவில்லை. அதையே ஆராய்ந்து, நிகழ்ச்சியும் விளம்பரமும் முன்னோட்டமும் ஒன்றோடொன்று கலந்து தொடர்ந்து வருவதற்கு 'ஓட்டம்' என்று பெயரிட்டு, 1974இல் தொலைக்காட்சி பற்றிய தம் நூலில் எழுதினார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக ஐந்து அலைவரிசைகளின் நிகழ்ச்சிகளை வகை பிரித்துக் கணக்கிட்டும் காட்டினார். அதற்கு முன்பே சில ஆண்டுகள் 'லிசனர்' இதழில் தொலைக்காட்சி விமர்சனம் எழுதிய கை அது.

அந்த நூலிலும் குறை உண்டு. வேண்டிய தொடரை வேண்டிய நேரத்தில் கைபேசியில் பார்ப்பவருக்கு 'ஓட்டம்' அப்படியே பொருந்தாது. பெட்டிக்கு முன்னால் இருக்கும் மனிதரும் அதில் அதிகம் தென்படுவதில்லை. அந்த இடத்தை நிரப்புவது பூர்ணிமா மங்கேக்கர் 1999இல் வெளியிட்ட ஆய்வு. டெல்லி வீடுகளில் தூர்தர்ஷன் தொடர்களைப் பார்த்த பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதியது. அங்கே கேமரா பின்னுக்குப் போய்விடுகிறது. அந்த ஆய்வுக்கு அது பெரிய இழப்பில்லை.

தொலைக்காட்சியைப் படிக்க ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் வில்லியம்ஸை வாங்குங்கள். 'ஃபிலிம் ஆர்ட்' நூலுக்கு நூலகத்தில் கிடைக்கும் பழைய பதிப்பே போதும்.