எஞ்சின் வேலைக்குப் பின் கிளம்பாத லாரி: நாமக்கல் வழி, யாழ்ப்பாண வழி

எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. ஆயில், தண்ணீர், டீசல் எல்லாம் ஊற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. நாமக்கல் பட்டறையாக இருந்தால் அடுத்து வரும் கேள்வி, "ஏர் எடுத்தாச்சா?" யாழ்ப்பாணத்துக் கராஜாக இருந்தால், "ஏர்த் வயர் போட்டனியோ?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால், எஞ்சினில் கைவைப்பது என்றால் இரு நாடுகளிலும் நடப்பது ஒரே வேலை அல்ல. கேள்வி மாறுவதற்கு அதுவே காரணம்.

தமிழ்நாட்டு லாரியில் பெரும்பாலும் பழைய எஞ்சினே திரும்ப உட்காரும். அசோக் லேலண்ட் வண்டிக்கு லேலண்ட் எஞ்சின், டாடாவுக்கு டாடா எஞ்சின். உதிரிபாகம் நெடுஞ்சாலை ஊர்களில் எளிதாகக் கிடைக்கிறது. சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்ற முடியாது. ஆகவே இங்கே மாற்றம் என்பது போரிங், லைனர், ஹெட் வேலை, டர்போ, இழுவைக்காகப் பம்பில் டீசலைக் கூட்டி வைப்பது என்று எஞ்சினுக்கு உள்ளேயே நடக்கிறது. கோளாறும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து மெக்கானிக் முதலில் பார்ப்பது சைலன்ஸரை. செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை விடுவார். அடுத்து நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி அதே வேலை. வெள்ளைப் புகை வந்தால் கதை வேறு. டீசல் போகிறது, எரியவில்லை. கம்ப்ரஷன் குறைவு, அல்லது பம்பு டைமிங் தவறு.

டைமிங்கில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. முதல் சிலிண்டரின் பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு முறை உச்சிக்கு வரும்: ஒருமுறை காற்றை அழுத்தி முடிக்கும்போது, மறுமுறை புகையை வெளியே தள்ளி முடிக்கும்போது. இரண்டாவதை முதலாவது என்று எண்ணிப் பம்பை மாட்டிவிட்டால், ஃப்ளைவீல் குறி துல்லியமாக நேரே நிற்கும், வண்டி மட்டும் கிளம்பாது. டாப்பெட் கவரைக் கழற்றினால் உண்மை தெரிந்துவிடும். சரியான நிலையில் முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் கையால் ஆட்டும் அளவுக்குத் தளர்ந்திருக்க வேண்டும். அவை இறுகி, கடைசி சிலிண்டரின் ராக்கர்கள் தளர்ந்திருந்தால் பம்பு கிராங்கின் ஒரு முழுச் சுற்றுத் தள்ளி நிற்கிறது.

இலங்கையின் கதை துறைமுகத்தில் தொடங்குகிறது. இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கான்டர் போன்ற ஜப்பானிய லொறிகளும், அவற்றுக்கான பாவித்த எஞ்சின்களும் கப்பலில் வந்து இறங்கும் நாடு அது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் எஞ்சினை முழுதாகவே வாங்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் தளர்த்தப்படும் வரை, ஓடுகிற வண்டியைச் சாகவிடாமல் வைத்திருப்பதே தொழிலாக இருந்தது. வடக்கில் இந்தக் கைப்பழக்கம் இன்னும் பழையது. 1990களின் பொருளாதாரத் தடையில், பெற்றோல் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் யாழ்ப்பாணம்.

இப்படி வாங்கிய வேறொரு வண்டியின் எஞ்சின் வந்து உட்காரும்போது, எஞ்சின் நல்லதாகவே இருக்கும். கோளாறு இணைப்புகளில் இருக்கும். 24 வோல்ட் வண்டியின் எஞ்சின் 12 வோல்ட் வண்டிக்குள் வந்திருந்தால், ஸ்டார்டர் சோம்பலாகச் சுற்றும், குளோ பிளக் சூடாகாது. கொழும்பு வெயிலில் ஒருவேளை கிளம்பிவிடும். நுவரெலியாவின் அதிகாலைக் குளிரில் பிடிவாதம் செய்யும். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள ஏர்த் வயரை மாட்ட மறந்தால், மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாதை தேடும். கேபிள் கைசுடும், ஸ்டார்டர் 'டிக்' என்று நின்றுவிடும். சாவியை ஆன் செய்தவுடன் பம்பின் கட்-ஆஃப் சொலினாய்டில் ஒரு 'டிக்' கேட்காவிட்டால், டீசலின் வாசலே திறக்கவில்லை என்று பொருள்.

இன்னும் நுணுக்கமான ஒரு பொறி, விஇ வகைப் பம்பின் ரிட்டர்ன் போல்ட். தலையில் 'அவுட்' என்று பொறித்த அந்தப் போல்ட்டுக்குள் ஊசித்துளை ஒன்று இருக்கும். பம்புக்குள் அழுத்தம் நிற்பது அதனால்தான். எஞ்சின் இறக்கும் அவசரத்தில் அதை உள்வரும் குழாயின் போல்ட்டோடு மாற்றிப் பூட்டிவிட்டால், பம்பு நல்லதாக இருந்தும் வண்டி திணறும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதிகள் வந்தபின் இந்திய லாரியும் முழுதாகவே வயர்களுக்குள் போய்விட்டது. காமன் ரெயில் எஞ்சினில் கிராங்க் சென்சாரின் சிக்னல் வராவிட்டால், அல்லது ரெயிலில் போதிய அழுத்தம் ஏறாவிட்டால், எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான இசியு டீசல் விடாது. நாசில் மாற்றினால் பல எஞ்சின்களில் அதன் குறியீட்டு எண்ணையும் இசியுவில் ஏற்ற வேண்டும். பழைய பழக்கத்தில் செல்ஃப் அடித்துக்கொண்டே நாசில் பைப்பைத் தளர்த்துவது இங்கே ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும்.

இரு கரையிலும் ஒரே மாதிரி நடக்கும் தவறு, ஏர் கிளீனரில் பெட்ரோல் நனைத்த துணி வைப்பதும் ஈதர் அடிப்பதும். குளோ பிளக் உள்ள எஞ்சினில் அது உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைக்கலாம்.

எந்த வழி மேல்? எஞ்சின் வேலைக்குப் பின் கிளம்பாத வண்டிக்கு யாழ்ப்பாணத்து வரிசையே சிக்கனம். பேட்டரி, ஏர்த், சொலினாய்டு, குழாய் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் வெள்ளைப் புகை வந்தால் நாமக்கல் வழியில் டாப்பெட் கவரைத் திறக்கலாம். வண்டி உரிமையாளர்களே, எந்த கேஸ்கெட் போட்டார்கள், பம்பு டைமிங் எங்கே வைத்தார்கள், எந்த வயரை எதனுடன் சேர்த்தார்கள் என்று பட்டறையில் எழுதி வாங்கி, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.