மாய நரியின் இரு முகங்கள்: ஒரு விமர்சனக் குறிப்பு

நாட்டார் கதைகளில் வரும் நரியை, வலியோரை மதியால் வெல்லும் எளியோரின் குறியீடாகக் காண்பது முற்போக்கு விமர்சகரிடையே ஏறத்தாழ ஒரு மரபாகிவிட்டது. சிங்கத்தை ஏமாற்றும் நரியில் நிலக்கிழாரை ஏமாற்றும் குடியானவனைக் கண்டு மகிழ்கிறோம். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், தந்திரத்தோடு உருமாறும் மாயமும் கைவரப்பெற்ற கிழக்காசிய நரிகளை நோக்குமிடத்து, இம்முடிபு எத்துணை அவசரமானது என்பது புலனாகும்.

நமது மரபில் நரிக்குச் சொந்தமாக மாயம் இல்லை. பஞ்சதந்திரத்தின் கரடகனும் தமனகனும் பேச்சினால் வெல்பவர்கள். திருவிளையாடற் புராணத்திலோ நரிகளைப் பரிகளாக்குபவன் இறைவன். இரவில் அவை மீண்டும் நரிகளாவதும் அவன் ஆணையாலேயே. (ஈழத்துக் காடுகளில் ஊளையிடும் நரியும் சீனக் கதைகளின் நரியும் விலங்கியலார் கணிப்பில் வெவ்வேறினங்கள் என்பதையும் இவ்விடத்திற் குறித்தல் தகும். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறது.) சீன நரி யாருடைய அருளையும் வேண்டி நிற்பதில்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பயின்று மனித உருவைத் தானே ஈட்டிக்கொள்கிறது.

இந்நரிக்கு நிலைத்த இலக்கிய வாழ்வு தந்தவர் பூ சுங்லிங் (1640–1715). ஷான்துங் மாகாணத்தவரான அவர், 1658இல் முதனிலைத் தேர்விற் சிறப்புறத் தேறியவர்; அதன்பின் மாகாணத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லியே பல பத்தாண்டுகளைக் கழித்தார். அவர் எழுதிச் சேர்த்த ஏறத்தாழ 500 கதைகள் 'லியாவ்சாய்' தொகுதியாகக் கையெழுத்துப் படிகளில் உலவி, அவர் மறைந்து அரை நூற்றாண்டின் பின் 1766இல் அச்சேறின. தேர்வுக்குப் படிக்கும் வறிய இளைஞனின் அறைக்கு இரவில் வரும் பெண் அக்கதைகளிற் பலவற்றில் நரியாகவே இருக்கிறாள். அவள் பரிசப்பணங் கேட்பதில்லை. திருமணத் தரகரை வேண்டுவதில்லை. அவன் புலமையை மதிக்கிறாள். அரசின் தேர்வாளர் மறுத்ததை நரி வழங்குகிறது. பன்னூறாண்டு முயன்ற நரிக்குப் பலன் கிட்டுகிறது. முப்பதாண்டு முயன்ற மாணாக்கனுக்குக் கிட்டவில்லை. ஆட்சியமைப்பின் மீதான குற்றச்சாட்டு இதனுள் உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும், குற்றஞ்சாட்டுபவர் குடியானவரல்லர். கற்றோருக்கே விளங்கும் பண்டைச் சீன நடையில் எழுதிய, அதிகாரத்தின் வாயிலில் காத்துநின்ற புலமையாளர். ஆகவே இவற்றை 'மக்கள் இலக்கியம்' என ஒரே வீச்சிற் கூறிவிடுதல் பொருந்தாது.

யிங்நிங் என்பவளின் கதையை எடுத்துக்கொள்வோம். நரித்தாய்க்குப் பிறந்து பேயொன்றினால் வளர்க்கப்பட்ட இப்பெண் எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். மணச்சடங்கையே நடத்தவொட்டாது சிரித்தவள். அயல்வீட்டு இளைஞன் தகாத எண்ணத்துடன் இரவில் வர, அவனை மாயத்தால் ஏமாற்றுகிறாள். அவளென்று அவன் தழுவியது தேள் குடியிருந்த உளுத்த மரக்கட்டை. கொட்டுண்டவன் இறந்துபடுகிறான். அவனுடைய தந்தை தொடுத்த வழக்கை நீதவான் தள்ளிவிடுகிறார். யிங்நிங்கின் கணவன் நற்பெயருடைய கல்விமான் என்பதே அவர் கண்ட நியாயம். வீட்டில் மாமியார் கடிந்துரைக்கிறாள். அன்று சிரிப்பை விட்ட யிங்நிங், பிறர் வேண்டுமென்றே சிரிப்பூட்ட முயன்றபோதும் பின்னர் ஒருபோதும் சிரிக்கவில்லை. நரியின் குறும்பை வியப்போர் தேளோடு நின்றுவிடுகின்றனர். கதையின் நெஞ்சு அதற்கப்பால் உள்ளதென்பது என் எண்ணம். நரிமகளாகத் திரிந்தவரை சிரித்தவள், நல்ல மருமகளாக ஏற்கப்பட்டதும் சிரிப்பை இழக்கிறாள். ஆசிரியர் இதனைக் கண்டிக்கவில்லை, மறைக்கவுமில்லை. அவள் பெற்ற குழந்தை ஆளைக் கண்டாற் சிரிக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் செல்கிறார். ஆணின் கனவாகத் தொடங்கிய கதை, அக்கனவுக்குப் பெண் கொடுத்த விலையையும் தன்னையறியாமலே பதிந்துவைத்திருக்கிறது.

ஏட்டிலிருந்து ஊருக்குள் இறங்கினால் நரி வேறு முகங் காட்டுகிறது. யப்பானின் இசுமோ பகுதியில், சில குடும்பங்கள் கண்ணுக்குப் புலனாகாத நரிகளை வளர்க்கின்றன என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவிற்று. வீட்டுக்கு 75 நரிகள் என்று கணக்கும் சொல்வர். அவை பிறர் பொருளைக் கவர்ந்து வளர்த்தவருக்குக் கொணரும், பகைத்தவரைப் பற்றிக்கொள்ளும், பெண்வழியே புகுந்த வீட்டுக்குத் தொடரும். ஆதலால் 'நரிவீட்டார்' எனப்பட்டோருடன் ஏனையோர் மணவுறவு கொள்ளார். 1890இல் மட்சுவே நகருக்கு ஆசிரியராகச் சென்ற லவ்காடியோ ஹேர்ண், இந்நம்பிக்கை திருமணத்தை மட்டுமன்றி நிலத்தின் விலையையும் பாதித்தமையை எழுதியிருக்கிறார். சாதியமைப்பினுள் வாழும் நமக்கு இதில் விளங்காத பகுதி எதுவுமில்லை.

யார் மீது இப்பெயர் சுமத்தப்பட்டது? இஷிசுக்கா தகதோஷி, ஹயாமி யசுதக்க முதலியோரின் ஆய்வுகள், எடோக் காலத்தில் பணப்பொருளாதாரம் கிராமத்துட் புகுந்தபோது விரைந்து செல்வம் சேர்த்த புதுக்குடிகளைச் சுட்டுகின்றன. அவர்களிற் கடன்கொடுத்து நிலம் சேர்த்தோரும் இருந்தனர். கடன்பட்டவனின் மனக்குறை பொய்யன்று. ஆனால் வட்டியும் அடமானமும் செய்த வேலையை நரி செய்ததாகச் சொன்னபோது, பணத்தின் இயக்கம் கண்ணிலிருந்து மறைந்தது. எஞ்சியது குருதிவழி வரும் தீட்டு மட்டுமே. கடன் கொடுத்தவன் வறியவனான பின்பும் அவன் பேர்த்தியை அத்தீட்டு விடவில்லை. எளியோரின் கற்பனை என்று நாம் போற்றும் அதே கற்பனைதான் இங்கும் தொழிற்பட்டிருக்கிறது.

ஹயாமி யசுதக்க தாமே நரிவீட்டார் எனப்பட்ட குடும்பமொன்றிற் பிறந்தவர். 1950களில் இந்நம்பிக்கையின் வரலாற்றை எழுதப் புகுந்தவர், தம் சொந்தக் குடும்பத்தின் கதையையும் அவ்வாய்வின் பொருளாக்கிக்கொண்டார்.