ஃபெயிலானால் போனஸ்!

சோமனூர் தறிக் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு எடுபடாது. எல்லாம் கை ஜாடைதான். புதுசாக வருகிறவர் முதலில் தார் மாற்றுவார், அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவார். பக்கத்துத் தறிக்காரர் சாப்பிடப் போகிற நேரத்தில் ஒரு தறியைப் பார்த்துக்கொள்வார். அப்புறம் ரெண்டு. சர்டிஃபிகேட் கிடையாது. துணி ஒழுங்காக வந்தால் பாஸ்!

இதைப் புகழ வரவில்லை. கை மெதுவான ஆளுக்குக் காத்திருக்கும் பொறுமை மீட்டர் கணக்கில் கூலி தரும் தொழிலுக்கு இல்லை. ஆனாலும், கற்றவர் கையில் தொழில் மிஞ்சுகிறது.

இதே கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் 'அப்ரண்டிஸ்' என்ற பெயரில் நடந்தது வேறு. சுமங்கலித் திட்டம்! தென் மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து டீன்ஏஜ் பெண்களை அழைத்து வந்தார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டல் வாசம், கையில் கொஞ்சம் உதவித்தொகை. முடிவில் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை, கல்யாணச் செலவுக்கு. அறுந்த நூலை இணைக்கிற 'சைடர்' வேலை சில மாதத்தில் கைவந்துவிடும். மிச்ச வருஷங்களில் என்ன பாடம் நடத்தினார்கள்?

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று ரெண்டு பத்தி போட்டுப் பார்க்கிற புத்தி. 40,000 ரூபாயை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,111. பரிசு இல்லைங்க, பிடித்துவைத்த சம்பளம். முப்பதாவது மாதம் அந்தப் பெண் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனால்? பல இடங்களில் அத்தனையும் போச்சு. ஆலையின் புத்தகத்தில் 33,000 சொச்சம் கடன், ஒரே நாளில் லாபம். மாணவி ஃபெயிலானால் வாத்தியாருக்கு போனஸ்!

இப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் அக்கறையாகச் சொல்லித்தருவார்?

2011-ல் நெதர்லாந்தின் 'சோமோ' உள்ளிட்ட அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. வெளிநாட்டு பிராண்டுகளுக்குச் சங்கடம் வந்தது. 'சுமங்கலி' என்ற பெயர் மெள்ள விலகியது. ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்குவது வேறு பெயர்களில் தொடர்வதாக 2014-ல் இன்னோர் அறிக்கை சொன்னது. இத்தனைக்கும் ஒப்பந்தம், பயிற்சி, தேர்வு எல்லாவற்றையும் 1961-ம் வருஷ அப்ரண்டிஸ் சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

பணத்தை மாதாமாதம் கொடுத்துவிடுங்கள். பாதியில் போகிற பெண்ணுக்கும், அதுவரை கற்றதை எழுதி ஒரு சான்றிதழ் கொடுங்கள். அடுத்த மில்லில் அவள் முதலிலிருந்து 'டிரெய்னி' ஆக வேண்டியிருக்காது. மெதுவாகக் கற்கிறவளுக்கு இன்னும் ரெண்டு மாதம் பயிற்சி கொடுங்கள். அந்தச் செலவு ஆலையுடையது.

பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நோட்டீஸ் எங்காவது கண்ணில் பட்டால் நின்று படியுங்கள். தங்குமிடம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் இருக்கும். எந்த மாதம் எந்த மெஷினைச் சொல்லித்தருவார்கள் என்று ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள்.